தவளையும் விராலும்: நம் ஏரிக்கரைத் தூண்டிலின் கதை

மழைக்காலம் ஓய்ந்த பிறகு அம்பத்தூர், ஆவடி, செம்பரம்பாக்கம் பக்கத்து ஏரிக்கரைகளில் பிள்ளைகள் சிலர் நீண்ட கம்பும் ரீலுமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நரம்பின் நுனியில் மண்புழு இல்லை, மாவு உருண்டை இல்லை. ஒரு ரப்பர் தவளை. அதைத் தாமரை இலைமேல் வீசி, விட்டு விட்டு இழுக்கிறார்கள். நம் வயதுக்காரர்களுக்கு இதைப் பார்த்தால் சிரிப்பு வரும். உயிர்த் தவளையைக் கோத்துப் போட்ட இடத்தில் ரப்பரைக் காட்டினால் விரால் ஏமாறுமா என்று கேட்பார்கள். ஏமாறுகிறது. நன்றாகவே ஏமாறுகிறது.

இந்த ரப்பர் தவளைக்குப் பின்னால் ஒரு பக்கம் சங்ககாலத்திலிருந்து வரும் நம் தூண்டில் மரபும், இன்னொரு பக்கம் அமெரிக்காவில் நூற்றைம்பது ஆண்டுக்கு மேலாக நடந்துவரும் பொய் இரை வியாபாரமும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத, தூண்டிலை விட ஏரியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டி வந்தது. எந்த இரையைப் போடுகிறோம் என்பது அந்தத் தண்ணீரில் என்ன வாழ்கிறது என்பதைப் பொறுத்ததுதானே!

விரால் என்ற மீன்

முதலில் மீனைப் பற்றி. நம் ஏரிகளில் இந்தக் குடும்பத்தில் மூன்று பேரைச் சொல்வார்கள். உடம்பில் பட்டை பட்டையாகக் கோடு உள்ளது விரால். சிறியதாக, புள்ளியோடு இருப்பது கொரவை. பெரிதாக வளர்ந்து, வால் பக்கம் கண் போன்ற புள்ளி உள்ளது பூவிரால். மூன்றுக்கும் தலை பாம்புத் தலை போலத் தட்டையாக இருக்கும்.

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. தலைக்குள் இருக்கும் தனி அறையில் காற்றைப் பிடித்து மூச்சு விடும். அதனால் சில நிமிடங்களுக்கு ஒரு முறை மேலே வந்தே ஆக வேண்டும். தண்ணீரை விட்டு வெளியே எடுத்துப் போட்டாலும், உடம்பு ஈரமாக இருக்கும் வரை நெடுநேரம் சாகாது. மீன் கடையில் டிரம்மில் உயிரோடு வைத்து விற்பதும், கோடையில் ஏரி வற்றினால் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழை வரை காத்திருப்பதும் இந்த மூச்சினால்தான். புதுத் தண்ணீர் கலங்கல் வழியாகப் பாயும்போது ஈரப் புல்லில் நெளிந்து அடுத்த நீர்நிலைக்குப் போவதும் இதனால்தான். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிப் பக்கமும் தண்ணீர் போகும் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். தண்ணீர் போன வழியில் விராலும் போயிற்று.

இன்னொரு குணம், குஞ்சைக் காப்பது. பெரும்பாலான மீன்கள் முட்டையிட்டுவிட்டுத் தம் வழியே போய்விடும். விரால் அப்படியல்ல. செக்கச் செவேலென்று பந்து போலத் திரண்டு நீந்தும் குஞ்சுகளுக்குக் கீழேயே தாயும் தகப்பனும் வாரக்கணக்கில் காவல் இருக்கும். பக்கத்தில் தவளை வந்தாலும், தண்ணீர்ப் பாம்பு வந்தாலும், நம் கால் பட்டாலும் பாய்ந்து அடிக்கும். இந்தப் பாசம்தான் அதற்கு எமனாகவும் ஆகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அகநானூற்றில் ஒரு தூண்டில்

விரால் தூண்டிலைப் பற்றிய நம் மிகப் பழைய வர்ணனை அகநானூறு 36-ஆம் பாட்டில் இருக்கிறது. பாடியவர் மதுரை நக்கீரர். பரத்தையிடம் போய்த் திரும்பிய தலைவனிடம் ஊடிப் பேசும் பாட்டு. அவனுடைய ஊரைச் சொல்லும்போது ஒரு விரால் வேட்டை வருகிறது. பெரிய வாயும் பல கோடுகளும் உடைய ஆண் விரால் ஒன்று வளைந்த இரும்பு முள்ளில் இருந்த இரையை விழுங்கிவிடுகிறது. ஆம்பல் இலை கிழிய, குவளைப் பூக்கள் சிதற மேலே பாய்கிறது. வள்ளைக் கொடியை எல்லாம் பின்னிக் கலக்கிவிடுகிறது. தூண்டில்காரன் இழுக்கிறான், வருவதாக இல்லை. கயிற்றில் கட்டிய முரட்டுக் காளை போலத் திமிறிக் காலை நேரத்துக் குளத்தையே உழக்கிவிடுகிறது.

விரால் பிடித்தவர் யாரும் இதைப் படித்தால், எழுதியவர் கரையில் நின்று பார்த்திருக்கிறார் என்று ஒப்புக்கொள்வார். கவ்வியதும் திறந்த தண்ணீருக்கு ஓடாமல் கொடிக்குள் புகுந்து சிக்கவைக்கும் புத்தி இன்றைக்கும் அதே புத்திதான். இரை எது என்று பாட்டு சொல்லவில்லை. ஆனால் முள் இரும்பு என்பதும், இடம் ஆம்பலும் கொடியும் மூடிய நீர் என்பதும் தெளிவாக இருக்கின்றன. செடி மூடிய தண்ணீரில் முள் எதிலும் சிக்காமல் இரையை எப்படிக் காட்டுவது? இந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைகள்தான் விரால் தூண்டிலின் வரலாறு முழுவதும்.

வெள்ளைக்காரர் குறிப்பேட்டில்

விராலுக்கு விஞ்ஞானப் பெயர் வந்தது 1793-ல். பெயர் வைத்தவர் பெர்லின் நகரத்து மருத்துவர் மார்க்கஸ் பிளாக். அவருக்குத் தமிழ்நாட்டு மீன்களை அனுப்பிவைத்தவர்களில் முக்கியமானவர் தரங்கம்பாடி மிஷனரி கிறிஸ்டோப் சாமுவேல் ஜான். பாம்புத் தலை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைத்தான் பிளாக் பெயராக வைத்தார்.

அடுத்து மெட்ராஸ் ராணுவ மருத்துவராக வந்த பிரான்சிஸ் டே. இந்திய மீன்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1875-லிருந்து 1878 வரை பகுதி பகுதியாக வந்தது. மீனைப் படமாக எழுதியதோடு நிற்காமல், ஒவ்வொன்றையும் உள்ளூர் ஆட்கள் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுதிவைத்தார்.

தூண்டிலுக்கு என்றே எழுதியவர் ஹென்றி சல்லிவன் தாமஸ். மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி. இந்தியாவில் தூண்டில் போடுவது பற்றி அவர் எழுதிய புத்தகம் 1873-ல் மங்களூர் பாசல் மிஷன் மூலம் வெளிவந்தது. பிறகு 1887-ல், ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே தனியாக ஒரு புத்தகம் எழுதினார். ஆற்றில் மகசீர் பிடிப்பதுதான் கௌரவம் என்று துரைமார் நினைத்த காலத்தில், நம் ஏரிக்கும் குளத்துக்கும் ஒரு தனிப் புத்தகம் கிடைத்தது பெரிய விஷயம். பூந்தமல்லியில் அப்போது வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தங்கும் ராணுவ முகாம் இருந்தது. சுற்றிலும் எந்தப் பக்கம் போனாலும் ஏரி. அந்தப் புத்தகத்துக்கு ஏற்ற ஊர்தான்.

தாமஸும் டேயும் இன்னொரு காரியத்துக்காகவும் நினைக்கப்பட வேண்டியவர்கள். சிறு கண் வலை போட்டுக் குஞ்சு மீனை எல்லாம் அள்ளுவதும், தண்ணீரில் விஷம் கலப்பதும் மீன் வளத்தை அழிக்கும் என்று அரசாங்கத்துக்கு விடாமல் எழுதினார்கள். அந்த வாதங்களின் தொடர்ச்சியாக வந்ததுதான் 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டம். வெடி வைத்தும் விஷம் போட்டும் மீன் பிடிப்பது அப்போதுதான் நாடு முழுமைக்கும் குற்றமாயிற்று.

நம் ஊர் முறை

நாம் சிறுவர்களாக இருந்தபோது பார்த்த முறை இதுதான். பத்துப் பன்னிரண்டடி மூங்கில் கழி. அதன் நுனியில் கழி நீளத்துக்கே நூல். பழைய ஆட்கள் முறுக்கேற்றிய பருத்தி நூலுக்கு எண்ணெய் தேய்த்துப் பயன்படுத்துவார்கள். நைலான் வந்த பிறகு அந்த இடத்தைத் தங்கூஸ் பிடித்துக்கொண்டது. கெண்டைக்கும் கெளுத்திக்கும் நெட்டித் தக்கையும் மண்புழுவும் போதும். விராலுக்குத் தக்கை கிடையாது, ஈயக்குண்டும் கிடையாது. பெரிய முள், அதில் கட்டைவிரல் அளவு தவளை. அவ்வளவுதான்.

தவளையைக் கோப்பதிலும் ஒரு முறை உண்டு. முதுகுத் தோலுக்கு அடியில் மட்டும் முள்ளை நுழைப்பார்கள். தவளை சாகாமல் நீந்தும். முள் மேல்நோக்கி இருப்பதால், தவளையின் வயிறு இலைமேல் வழுக்கிக்கொண்டு போகும். முள் கொடியில் மாட்டாது. இரக்கம் உள்ளவர்களுக்குப் பார்க்கச் சங்கடமான காட்சிதான். ஆனால் செடி மூடிய தண்ணீர் என்ற கேள்விக்கு நம் ஆட்கள் கண்ட விடை அது.

தவளையை இலைகளுக்கு நடுவே உள்ள சந்தில் மெல்லத் தட்டித் தட்டி எடுப்பார்கள். ‘தொபுக்’ என்று ஒரு சத்தம் வரும். அப்போது இழுக்கக் கூடாது. விரால் முதலில் அடித்துக் கவ்வும், பிறகு உள்ளே இறங்கித்தான் விழுங்கும். நாலைந்து எண்ணிவிட்டு வெட்டி இழுக்க வேண்டும். அவசரப்பட்டவன் கையில் கடிபட்ட தவளைதான் மிஞ்சும்.

அமெரிக்கக் கடையும் மரத்துண்டு மீனும்

மேல்நாட்டில் கதை வேறு மாதிரிப் போயிற்று. கரண்டி போல வளைந்த உலோகத் தகட்டை இழுத்தால் அது சின்ன மீன் போல மின்னிச் சுழலும் என்று கண்டு, ஜூலியோ புயல் என்ற அமெரிக்கர் 1852-ல் காப்புரிமை வாங்கினார். 1890-களின் கடைசியில் மிச்சிகன் மாநிலத்து ஜேம்ஸ் ஹெட்டன் மரத்தில் தவளை செதுக்கி முள் மாட்டினார். அதிலிருந்து ஒரு பெரிய கம்பெனியே வளர்ந்தது. 1936-ல் பின்லாந்து நாட்டு மீனவர் லௌரி ரப்பாலா தக்கைத் துண்டைச் சீவி, சாக்லேட் தாளைச் சுற்றி, அடிபட்ட மீன் போலத் தள்ளாடும் பொய் மீன் செய்தார். வசதி இல்லாத குடும்பஸ்தர். உயிர் இரை தேடும் நேரத்தை மிச்சம் பிடிக்கச் செய்த வேலை அது. இன்று அந்தப் பெயர் உலகம் முழுவதும் விற்கிறது.

அங்கே விராலுக்கு நிகரான முரடன் மஸ்கி என்ற மீன். வட அமெரிக்க ஏரிகளில் நாலடிக்கு மேலும் வளரும். விரால் போலவே புதரில் பதுங்கி நின்று பாயும். பத்தாயிரம் முறை வீசினால் ஒன்று கிடைக்கும் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். அதற்கென்றே செய்த பொய் இரைதான் கிளைடு பெய்ட். பக்கவாட்டில் தட்டையான, கை நீளமுள்ள மீன் உருவம். உள்ளே எடை சரிபார்த்து வைத்திருக்கும். கம்பை ஒரு சுண்டு சுண்டி நரம்பைத் தளர விட்டால் அது இடப்பக்கம் சறுக்கும். மறுபடி சுண்டினால் வலப்பக்கம். காயம்பட்ட மீன் திசை தெரியாமல் அலைவது போல இருக்கும். வேகமாக இழுத்தால் வேலைக்காகாது. சுண்டுவதற்கும் விடுவதற்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான் மஸ்கி பாய்கிறது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இரையைத் தேர்ந்தெடுக்க அவர்கள் கேட்கும் கேள்விகளும் நம் தாத்தாக்கள் கேட்டவையும் ஒன்றுதான். மீன் என்ன தின்கிறது? எந்த ஆழத்தில் நிற்கிறது? நடுவில் என்ன தடை இருக்கிறது? மஸ்கி பெரிய மீனைத் தின்கிறது, திறந்த தண்ணீரின் ஓரத்தில் நிற்கிறது. அதனால் பெரிய மீன் உருவம், வயிற்றுப் பக்கம் தொங்கும் மும்முனை முள். அதையே கொண்டுவந்து நம் ஏரியில் ஆகாயத் தாமரை நடுவில் வீசினால் முதல் வீச்சிலேயே ஐந்நூறோ ஆயிரமோ போய்விடும். நம் விராலுக்கு, முள் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும் உள்கூடான ரப்பர் தவளைதான் சரி. மீன் கடிக்கும்போது ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். தவளையின் முதுகுத் தோலில் முள் கோத்த அதே கணக்கு!

இந்த ரப்பர் தவளையோடு, தாய்லாந்து, மலேசியா பக்கம் விராலுக்கென்றே உருவான சின்னக் குதிக்கும் தவளையும் இப்போது இங்கே கிடைக்கிறது. மலேசியத் தமிழர்களைக் கேட்டால் ஹருவான் என்பார்கள். அது நம் விரால்தான். அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் அங்கே அதைத்தான் சமைத்துப் போடுவார்கள். இணையக் கடைகள் வந்த பிறகு இந்தச் சரக்கெல்லாம் நம் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டது. பிடிக்கும் விதமும் மாறவில்லை. விடியலும் அந்தியும் நல்ல நேரம், இலைச் சந்தில் நிறுத்தி நிறுத்தி இழுக்க வேண்டும், அடித்ததும் ஒரு கணம் பொறுக்க வேண்டும். ரப்பர் என்று தெரிந்தால் துப்பிவிடும் என்பதால் அந்தப் பொறுமை மட்டும் கொஞ்சம் குறைவு.

தவளை எங்கே போயிற்று?

உயிர்த் தவளை போய் ரப்பர் தவளை வந்ததை வெறும் நாகரிகம் என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைகளிடம் ஏன் தவளை போடவில்லை என்று கேட்டுப் பாருங்கள். பாவம் என்பார்கள் சிலர்; அது நல்ல பதில். எங்கே சார் கிடைக்கிறது என்பார்கள் பலர். அதுதான் நாம் யோசிக்க வேண்டிய பதில்.

தவளைக்கால் ஏற்றுமதி என்று ஒரு வியாபாரம் இருந்தது ஞாபகம் இருக்கும். வயலிலும் ஏரியிலும் பெரிய தவளைகளை மூட்டை மூட்டையாகப் பிடித்து, காலை வெட்டி வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். பூச்சி பெருகுகிறது, தவளை இனமே அருகுகிறது என்று எதிர்ப்பு கிளம்பியதால் 1987-ல் மத்திய அரசு அதைத் தடை செய்தது. ஆனால் நம் பக்கத்தில் தவளையின் இடத்தைப் பிடித்தது ஏற்றுமதியை விட நாம்தான். 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஆவடியில் டாங்க் தொழிற்சாலை வந்தது. வேலை வந்தது, வீடு வந்தது. நானும் நீங்களும் அப்படி வந்தவர்கள்தான், அல்லது வந்தவர்களின் பிள்ளைகள். முகப்பேரில் ஏரித் திட்டம் என்று இன்றும் ஒரு பகுதிக்குப் பெயர் இருக்கிறது. ஏரி இல்லை, திட்டம் இருக்கிறது. ஏரியைச் சுற்றிய வயல் மனையாயிற்று, வயலுக்குப் போன கால்வாய் சாக்கடையாயிற்று. தவளைக்கு ஏரி மட்டும் போதாது. ஓரத்தில் ஆழமில்லாத சுத்தமான தண்ணீரும், புல்லும், ஈர மண்ணும் வேண்டும். கான்கிரீட் கரையில் அது என்ன செய்யும்?

மீன்களும் மாறின. 1952-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த திலேப்பியா நம் வாயில் ஜிலேபிக் கெண்டை ஆகி, ஏரி ஏரியாகப் பரவியது. பிறகு ஆப்பிரிக்கக் கெளுத்தி வந்தது. 2000-ல் அரசு அதை வளர்க்கத் தடை விதித்தும் போகவில்லை. வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்துச் சலித்தவர்கள் கொண்டுவந்து விட்ட டேங்க் கிளீனர் மீன் இப்போது வலைக்கு வலை மாட்டி, வலையையும் கிழிக்கிறது.

இத்தனைக்கும் நடுவில் விரால் இருக்கிறது. இதைப் பார்த்துவிட்டு, ‘விராலே இருக்கிறது, அப்புறம் ஏரிக்கு என்ன குறை?’ என்று பேசுபவர்களைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு தப்பு. விரால் காற்றை மூச்சாக விடும் மீன். தண்ணீரில் பிராணவாயு இல்லாமல் மற்ற மீன் எல்லாம் மிதக்கும்போதும் அது மேலே வந்து மூச்சு வாங்கிப் பிழைத்துக்கொள்ளும். அது இருப்பதை வைத்து ஏரி நலம் என்று சொல்ல முடியாது. தவளை சத்தம் கேட்கிறதா என்பதுதான் சரியான கேள்வி. மழை பெய்த இரவில் ஏரிக்கரை வீடுகளில் தூங்கவிடாமல் கத்திய அந்தச் சத்தம் இன்றைக்கு எத்தனை தெருவில் கேட்கிறது?

நல்லதும் நடந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆவடி பருத்திப்பட்டு ஏரியைத் தூர்வாரிச் சீர்செய்து 2019-ல் பூங்காவோடு திறந்தார்கள். கொரட்டூர் ஏரிக்காக அந்த ஊர் மக்களே பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். நடைபாதையும் படகும் ஏரிக்கு அழகுதான். அதோடு, கரையின் ஒரு பக்கத்தையாவது கல் பதிக்காமல் சேறும் புல்லுமாக விட்டுவைத்தால் தவளை தானே திரும்பி வரும்.

குஞ்சு மேல் கை வைக்காதே

2002-ல் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் கிராஃப்டன் என்ற ஊர்க் குளத்தில் சீனத்து விரால் ஒன்று பிடிபட்டது. உடம்பு சரியில்லாத அக்கா தங்கைக்கு சூப் வைக்க உயிரோடு வாங்கிய மீனை யாரோ குளத்தில் விட்டிருந்தார்கள். நாடே அலறியது. குளத்துக்கு மருந்து அடித்து எல்லா மீனையும் கொன்றார்கள். அந்த ஆண்டே எல்லா வகை விராலையும் உயிரோடு இறக்குமதி செய்யத் தடையும் போட்டார்கள். ஃப்ளோரிடாவில் நம் பூவிராலுக்கு நெருங்கிய உறவான ஒரு விரால் குடியேறிவிட்டது. அங்கே அழிக்கப் பார்க்கிறார்கள், அழிவேனா என்கிறது. இங்கே நம்முடைய சொந்த மீன், நமக்கு அதன் மேல் அவ்வளவு அக்கறை இல்லை.

தூண்டில் போடும் பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் சொல்ல விரும்புகிறேன். சிவப்புக் குஞ்சுத் திரள் மேல் தவளையை வீசினால் தாயோ தகப்பனோ நிச்சயம் அடிக்கும். பசியால் அல்ல, காவலுக்காக. அது கெட்டிக்காரத்தனம் இல்லை. பெற்றதைத் தூக்கிவிட்டால், காவல் இல்லாத குஞ்சு ஆயிரத்தையும் ஜிலேபிக் கெண்டையும் கொரவையும் ஒரு பொழுதில் தின்று தீர்த்துவிடும். ஒரு விரால் குழம்புக்கு ஒரு தலைமுறை போய்விடும். எங்கள் பக்கத்துப் பெரியவர்களில் சிலர் குஞ்சுத் திரளைக் கண்டால் கழியைத் தோளில் போட்டுக்கொண்டு வேறு துறைக்குப் போய்விடுவார்கள். அதற்குச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை.

உங்கள் ஊர் ஏரியில் கடைசியாக எந்த ஆண்டு தவளை சத்தம் கேட்டது, உங்கள் வீட்டில் விரால் பிடிக்க என்ன இரை போட்டார்கள் என்பது நினைவிருந்தால் எழுதுங்கள். ஏரியின் ஆழமும் கொள்ளளவும் அரசாங்கக் கணக்கில் இருக்கும். இந்தக் கணக்கு நம்மிடம் மட்டும்தான் இருக்கிறது.